பஞ்சு மாதிரி இருந்த கல்நார்

பாய்லர் வெடித்த கதை கேட்கத்தான் புதிதாக வேலைக்குச் சேருகிற நீங்கள் என்னைத் தேடி வருகிறீர்கள். அந்தக் கதை என்னிடம் இல்லை. என் ஷிப்டில் ஒரு பாய்லரும் வெடித்ததில்லை. தண்ணீர் மட்டம் காட்டுகிற கேஜ் கிளாஸ் உடைந்து கொதிநீர் கையில் அடித்திருக்கிறது. தண்ணீர் மட்டம் இறங்கிப்போய் நெருப்பை அவசரமாக வெளியே இழுத்துப் போட்டிருக்கிறோம். அதையெல்லாம் பரீட்சைக்குப் பாடம் எடுக்கிறவர்கள் உங்களுக்கு நன்றாகவே சொல்லிக்கொடுப்பார்கள். அவர்கள் சொல்லாத ஒன்றைத்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. பாய்லரால் செத்தவர்கள் என்று எனக்குத் தெரிந்தவர்களில் யாரும் அதன் உள்ளே இருந்த நீராவியால் சாகவில்லை. வெளியே சுற்றியிருந்த உறையால் செத்தார்கள். அதுவும் பல வருசம் கழித்து, பேரப்பிள்ளைகளைப் பார்த்த பிறகு.

குமாரபாளையத்துச் சாய மில்லில் பாய்லர் ஓட்டுவதற்கு முன்னால் நான் கப்பற்படையில் இருந்தேன். திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பையன். அதுவரை நான் பார்த்த பெரிய தண்ணீர் மேட்டூர் அணையில் தேங்கியிருந்ததுதான். கப்பலில் சேர்ந்தால் கடலைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று நினைத்தேன். எனக்குக் கிடைத்த வேலை தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, பாய்லர் அறையில். கடல் எந்தப் பக்கம் என்றே தெரியாத இடம். அங்கே என் பக்கத்தில் நின்று பர்னர் மாற்றிக்கொண்டிருந்தவன் நாமகிரிப்பேட்டைக்காரன், செங்கோடன். மஞ்சள் காட்டில் மூட்டை தூக்கி வளர்ந்த உடம்பு. முதல் நாளே என் பேச்சைக் கேட்டுவிட்டு, "ஏப்பா, நீ எந்தூரு? நம்ம பக்கமா?" என்றான். அதற்குப் பிறகு நாற்பது வருசத்துக்கு மேல் அவனை விட்டு நான் பிரியவில்லை.

பாய்லர் அறைக்குப் பொறுப்பாக எங்களுக்கு மேலே ஒரு சீஃப் இருந்தார். பெயர் வேண்டாம், அவருடைய பிள்ளைகள் எங்காவது நன்றாக இருப்பார்கள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பாய்லர் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் அவர் போட்ட பிச்சை. ஒரு தடவை நடுக்கடலில் பாய்லர் அறையில் விசில் போல ஒரு சத்தம் வந்தது. எங்கேயோ நீராவி கசிகிறது, ஆனால் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அவ்வளவு சூட்டில், அவ்வளவு அழுத்தத்தில் வருகிற நீராவி புகை மாதிரி தெரியாது. செங்கோடன் பார்க்கலாம் என்று முன்னால் போனான். சீஃப் அவன் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்துப் போட்டார். சுவரில் சாய்த்திருந்த துடைப்பத்தை எடுத்து முன்னால் நீட்டிக்கொண்டே மெல்ல நடந்தார். குழாய்க்கு அருகில் போனதும் துடைப்பத்தின் நுனி கத்தியால் சீவின மாதிரி விழுந்தது. இழுக்காமல் விட்டிருந்தால் அந்த இடத்தில் செங்கோடனின் கை இருந்திருக்கும்.

"கண்ணுக்குத் தெரியலன்னா இல்லன்னு நெனைக்கப்பிடாதுலே," என்றார். அவ்வளவுதான் அவர் எடுத்த பாடம்.

அப்படிப்பட்ட மனுசன் கண்ணுக்குத் தெரிந்த ஒன்றில் கோட்டை விட்டார்.

கப்பலில் குழாய் ஒவ்வொன்றுக்கும் மேலே வெள்ளையாக ஒரு உறை சுற்றியிருக்கும். கல்நார். ஆஸ்பெஸ்டாஸ் என்றதும் உங்களுக்குக் கூரைத் தகடுதான் நினைவுக்கு வரும். தகட்டில் அதைச் சிமெண்டோடு கலந்து இறுக்கியிருப்பார்கள். எங்கள் கப்பலில் இருந்தது அப்படி இறுகாத வெறும் நார். கல்லிலிருந்து எடுக்கிறது. நெருப்பில் வேகாது, சூட்டை வெளியே விடாது, கயிறாகத் திரிக்கலாம், துணியாக நெய்யலாம், மண் மாதிரி குழைத்துப் பூசலாம். அந்தக் காலத்தில் எந்த நாட்டில் கட்டின நீராவிக் கப்பலிலும் அதுதான். அலை அடித்துக் கப்பல் குலுங்கும்போதெல்லாம் மேலேயிருந்து பொடி உதிரும். நாங்கள் படுக்கிற இடத்தில் தலைக்கு மேலும் குழாய் ஓடியது. எழுந்ததும் போர்வையை உதறுவோம்.

கப்பலைப் பழுது பார்க்கத் துறைமுகத்தில் கட்டினால் வாரக்கணக்கில் அந்த உறையை உடைப்பார்கள். சுத்தியலால் அடித்து, கையால் பிய்த்துக் கீழே தள்ளுவார்கள். பக்கத்தில் நிற்கிறவன் முகம் தெரியாது. மார்கழியில் காவிரிக் கரையில் பனி இறங்கின மாதிரி இருக்கும். அதற்குள்ளேயே நாங்கள் வால்வு கழற்றினோம், அங்கேயே உட்கார்ந்து டீ குடித்தோம். ஒருவன் மட்டும் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு வந்தான். சீஃப் அவனைப் பார்த்துச் சிரித்தார்.

"இது மாவுலே. மாவுக்குப் பயந்தவன் மேல போயி சமையக்கட்டுல வேலை பாரு."

அவன் கைக்குட்டையை அவிழ்த்துவிட்டான். செங்கோடன் அந்தப் பொடியை மூன்று விரலில் தொட்டு நெற்றியில் பட்டையாகப் பூசிக்கொண்டு, "சாமி, உத்தரவு குடுங்க" என்று சீஃப் முன்னால் கை கட்டி நின்றான். பாய்லர் அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். சீஃப் அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

அவர் பொய் சொன்னதாக நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. அவருக்கு அவர் சீஃப் சொன்னது. எங்களை அனுப்பிவிட்டுத் தனக்கு மட்டும் முகமூடி போட்டுக்கொண்டவர் இல்லை அவர். எங்களை விட அதிகமாகவே அந்தத் தூசியில் நின்றார். நீராவி விசயத்தில் அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரியாக இருந்தது, எங்கள் உயிரைக் காப்பாற்றியது. அதனால் தூசி விசயத்திலும் நம்பினோம். வேலை தெரிந்த ஒருவர் தன் வேலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒன்றைப் பற்றியும் அதே தைரியத்தோடு பேசும்போது, அவருக்குத் தெரிந்தது எங்கே முடிகிறது என்று சின்னவர்களுக்குத் தெரிவதில்லை. என்னிடம் பாடம் கேட்க வருகிறவர்களும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வதையும் நாலு இடத்தில் விசாரியுங்கள்.

சீஃப் ஓய்வு பெற்று ஊருக்குப் போன பிறகு மூச்சுத் திணறலில் இறந்தார் என்று ஒருவன் சொன்னான். ஆஸ்துமா என்றார்களாம். அப்போது நானும் அதை ஆஸ்துமா என்றே எடுத்துக்கொண்டேன்.

படையிலிருந்து வெளியே வந்ததும் நானும் செங்கோடனும் குமாரபாளையத்தில் ஒரே மில்லில் சேர்ந்தோம். சாயம் போடவும் பாவுக்குக் கஞ்சி போடவும் நீராவி வேண்டும், எங்களுக்கு வேறு தொழில் தெரியாது. செங்கோடன் தன் மனைவி சரசுவோடு மில்லுக்குப் பின்னால் லைன் வீட்டில் குடியிருந்தான். விறகுக் கட்டையைத் தனியாளாகத் தோளில் வைத்துக்கொண்டு வருவான். மில்லில் கழிவுப் பஞ்சு பொறுக்கும் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு அவனை வேடிக்கை பார்ப்பார்கள். வயது அறுபதைத் தாண்டியும் அப்படித்தான் இருந்தான்.

பிறகு ஒரு நாள் கட்டையைப் பாதி வழியில் இறக்கி வைத்தான். "என்னமோ வலது பக்கம் பிடிக்குது நல்லு," என்றான். என் பெயர் நல்லசாமி. ஒரு வாரத்தில் படி ஏற முடியவில்லை. பக்கத்து ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். நெஞ்சில் நீர் கட்டியிருந்தது. ஊசி போட்டு எடுத்துவிட்டு, டிபி என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நம் பக்கத்தில் நெஞ்சில் நீர் கட்டி வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அதுதான் இருக்கும் போலிருக்கிறது. சரசு தட்டு, தம்ளர் எல்லாம் தனியாக வைத்தாள். மாத்திரை முழுசும் சாப்பிட்டு முடித்தான். நீர் மறுபடி கட்டியது. மறுபடி எடுத்தார்கள். மறுபடி கட்டியது.

சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு நெஞ்சு டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். சின்ன வயசுதான். படத்தை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"என்ன வேலை பாக்கறீங்க அய்யா?"

"பாய்லருங்க."

"அதுக்கு முன்னாடி?"

"நேவிங்க."

"கப்பல்ல எந்த இடத்துல?"

செங்கோடனுக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போனது. அதுவரை யாரும் கேட்டதில்லை. உற்சாகமாக ஆரம்பித்தான். பாய்லர் அறை, குழாய், வெள்ளை உறை, பழுது பார்க்கிற காலத்தில் மூடுபனி மாதிரி பறந்தது, நெற்றியில் பட்டை போட்டது வரைக்கும் சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தம்மா சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த சரசு, "ஏனுங்க, நிறுத்துங்க," என்று அவன் கையைப் பிடித்தாள்.

உள்ளே குழாய் விட்டுத் துணுக்கு எடுத்துப் பரிசோதித்தார்கள். நுரையீரலைச் சுற்றியிருக்கிற சவ்வில் வருகிற புற்றுநோய். மீசோதீலியோமா என்று பெயர். கல்நார்த் தூசி உள்ளே போய் முப்பது, நாற்பது வருசம் சும்மா இருந்துவிட்டுக் கூட வரும் என்றார். சரியாக்க முடியாது, மருந்து கொடுத்துக் கொஞ்சம் தள்ளிப்போடலாம், நீர் கட்டும்போது எடுத்துவிட்டு மூச்சைச் சுலபமாக்கலாம் என்றார். எதையும் மறைக்கவில்லை. அதற்காக அவரை மதிக்கிறேன்.

"பீடி சிகரெட்டுக் கூட தொட்டதில்லீங்களே இவரு," என்றாள் சரசு.

"இதுக்கு அது தேவையில்லம்மா."

என்னையும் படம் எடுக்கச் சொன்னார். என் நுரையீரல் உறையில் வெள்ளைத் திட்டுகள் இருக்கின்றன. அது புற்றுநோய் இல்லை, தூசி உள்ளே போனதற்கு அடையாளம், வருசா வருசம் வந்து காட்டுங்கள் என்றார். ஒரே அறையில் ஒரே தூசியில் நின்றோம். அவனுக்கு வந்தது, எனக்கு வரவில்லை. இதுவரை. பஸ்ஸில் திரும்பி வரும்போது செங்கோடன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே ஒரே ஒரு தடவை பேசினான்.

"சீஃப்புக்கு வந்ததும் இதுதானா இருக்கும். அந்த மனுசனுக்கு ஆரும் சொல்லியிருக்க மாட்டாங்க."

இது நடந்த வருசத்தில்தான் மில்லுக்கு அந்த பாய்லர் வந்தது.

எங்கள் மில்லைப் பெரிய முதலாளிக்குப் பிறகு அவர் மகன் பார்த்துக்கொண்டார். கெட்டவர் இல்லை. என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். தீபாவளிக்கு முந்தின நெருக்கடியில் இருந்த ஒரு பாய்லர் போதவில்லை. எங்கோ மூடிப்போன மில்லிலிருந்து பழைய பாய்லர் ஒன்றை வாங்கி டிரெய்லரில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். ஏற்றி இறக்கினதில் மேலே இருந்த தகரம் கிழிந்து, உள்ளேயிருந்து வெள்ளை வெள்ளையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் சாப்பிட்டுவிட்டு வரும்போது பஞ்சு பொறுக்கும் பெண்கள் ஐந்தாறு பேர் கையில் கடப்பாரையும் கூடையுமாக அங்கே நின்றார்கள். உறையை உரித்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள். ஃபிட்டர் வந்து உள்தகட்டைப் பார்க்க வேண்டுமாம்.

குப்பாயி என்கிற அம்மா ஒரு பிடி பிய்த்துக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

"பஞ்சு மாதிரியே இருக்குதுங்கண்ணா. வீணாத்தான போகுது, தலகாணிக்கு எடுத்துக்கட்டுங்களா?"

நான் கத்தின கத்தலில் அவள் கையை உதறினாள். உதறாதே என்று அதற்கும் கத்தினேன். எல்லோரையும் தள்ளிப் போகச் சொல்லி, குப்பாயியைக் குழாயடிக்கு அனுப்பிக் கையையும் முந்தானையையும் நனைத்துக் கழுவச் சொன்னேன். சின்ன முதலாளி ஆபீஸிலிருந்து ஓடி வந்தார்.

"என்னண்ணா, ஏன் வேலைய நிறுத்துனீங்க?"

"தம்பி, செங்கோடனுக்கு வந்தது இதாலதானுங்க. இதத் தொடக்கூடாதுங்க."

"கல்நாருதான்னு நல்லாத் தெரியுங்களா?"

இந்த இடத்தைக் கவனியுங்கள். எனக்கு நல்லாத் தெரியாது. பாய்லருக்குச் சுற்றுகிற வெள்ளைச் சரக்கில் பல வகை உண்டு. கண்ணால் பார்த்து இதுதான் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவர் அங்கேயே அடங்கியிருப்பார். ஆனால் நாளைக்கு ஒருத்தர் வந்து இல்லை என்றால் என் வார்த்தைக்கு அதற்குப் பிறகு மதிப்பில்லை. அதோடு, சீஃப்பும் இப்படித்தானே தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னார்.

"தெரியாதுங்க தம்பி."

"தெரியாமயா மில்ல நிறுத்தறீங்க?"

"தெரியறவரைக்கும் நிறுத்துங்கன்னு சொல்றனுங்க. துணுக்கு எடுத்து லேப்புக்கு அனுப்புங்க. இல்லைன்னு வந்துட்டா நானே உரிச்சுத் தாரேன்."

"லேப்புல இருந்து வாரதுக்குள்ள தீபாவளி போயிரும். ஆர்டர் கையை விட்டுப் போனா இத்தனை பேருக்கு வேலை எங்கண்ணா இருக்கு? இந்த மாதிரி பாய்லர் ஒவ்வொரு மில்லுலயும் இருக்குது. எங்கப்பா காலத்துல எல்லாரும் கையாலதான் உரிச்சாங்க."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் கஷ்டம். அதைவிடக் கஷ்டம், அந்தப் பெண்கள் என் பக்கம் நிற்கவில்லை. உரிக்கிற வேலைக்குத் தனிக் கூலி பேசியிருந்தார்கள். கையைக் கழுவிவிட்டு வந்த குப்பாயி என்னிடம் கோபமாகவே பேசினாள்.

"ஏனுங்கண்ணா, நாங்க தெனமும் திங்கறது பஞ்சுத் தூசிதான. இது ஒண்ணுதான் எங்களக் கொல்லப் போகுதாக்கு? துணியக் கட்டிக்கிட்டுப் பண்ணிர்றம், உடுங்க."

நெஞ்சுக்குள் முப்பது வருசம் தூங்கிவிட்டு எழுந்திருக்கும் ஒன்றை, வருகிற பண்டிகைக்குப் பிள்ளைக்குத் துணி எடுக்க வேண்டியவளிடம் எப்படிச் சொல்வது? சொல்லிப் பார்த்தேன். படித்தவன் மாதிரி நார், நுரையீரல், சவ்வு என்றெல்லாம் பேசினேன். அவர்கள் கடப்பாரையைக் கீழே வைக்கவில்லை.

சத்தம் லைன் வீடுகள் வரைக்கும் போயிருக்கிறது. யாரோ செங்கோடனிடம் சொல்லியிருக்கிறார்கள். அவன் அப்போது வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவன். சரசு வேண்டாம் என்று தடுத்தும் கிளம்பிவிட்டான். பின்பக்கக் கேட்டிலிருந்து பாய்லர் இருக்கிற இடம் கூப்பிடு தூரம்தான். அந்தத் தூரத்தை அவன் கடக்கிற வரைக்கும் நாங்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சரசு தோளில் ஒரு கை, சுவரில் ஒரு கை. கொஞ்சம் நடப்பான், நிற்பான், வாயைத் திறந்து காற்றைத் தேடுவான். சின்ன முதலாளியே ஓடிப்போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். அவனுக்கு நோய் வந்த பிறகு அவர் அவனை நேரில் பார்த்தது அன்றைக்குத்தான்.

உட்கார்ந்ததும் செங்கோடன் தொங்கிக்கொண்டிருந்த வெள்ளையையே பார்த்தான்.

"குப்பாயி," என்றான். மூச்சு வாங்கினான். "நான் இத... நெத்தில பூசி... வெளையாடுனவன்."

அதற்கு மேல் சொல்ல மூச்சில்லை. கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்த ஆளைப் பார்த்திருந்த பெண்கள் அவர்கள். குப்பாயி கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு அவன் காலடியில் உட்கார்ந்து அழுதாள். மற்றவர்களும் கூடையை வைத்துவிட்டு நகர்ந்தார்கள். சின்ன முதலாளி தார்ப்பாய் கொண்டுவரச் சொன்னார். நான் தண்ணீர் தெளித்து நனைத்தேன், நானும் அவரும் சேர்ந்து பாய்லரைப் போர்த்திக் கட்டினோம். துணுக்கை நனைத்துப் பையில் போட்டு லேப்புக்கு அனுப்பினார். ஆர்டரில் பாதியை வேறு மில்லுக்குக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு அவர் மேல் எனக்கு இருந்த மரியாதையை இப்போது நினைத்தாலும் மறுக்க மாட்டேன்.

செங்கோடன் வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோ வைத்தோம். அந்த வாரம் முழுக்க அவன் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. "ஒரு வேலை பண்ணுனாப்புல இருக்குது," என்று சரசுவிடம் சொன்னானாம்.

கதை இங்கே முடிந்திருந்தால் உங்களுக்குச் சொல்ல வேண்டிய அவசியமே எனக்கு இல்லை.

பண்டிகை முடிந்தது. செங்கோடனுக்கு நீர் மறுபடி கட்டி, சேலத்தில் சேர்த்து, நான் அவனோடு இருந்தேன். திரும்பி மில்லுக்கு வந்தபோது பாய்லர் இருந்த இடம் காலியாக இருந்தது. தார்ப்பாய் மடித்து ஓரமாகக் கிடந்தது.

"குடுத்துட்டனுங்கண்ணா," என்றார் சின்ன முதலாளி. "நமக்கு எதுக்கு அந்த வம்பு? பழைய இரும்பு வாங்கறவர் ஒருத்தர் கேட்டாரு, அப்படியே தூக்கிட்டுப் போயிட்டாரு."

"லேப்புல இருந்து?"

"நேத்துதான் வந்துச்சு." அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. "அதேதானுங்க."

"வாங்குனவருகிட்டச் சொன்னீங்களா தம்பி?"

"அப்ப எனக்கே தெரியாதுல்லண்ணா. இப்பப் போன் பண்ணிச் சொல்றேன்."

அவர் போன் செய்யும் வரை நான் காத்திருக்கவில்லை. இடத்தைக் கேட்டுக்கொண்டு அடுத்த பஸ் பிடித்தேன். சேலத்துக்கு வெளியே, பைபாஸை ஒட்டி ஒரு பழைய இரும்பு யார்டு. பழைய லாரிச் சட்டம், உடைந்த தறி, ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிக் குழாய் என்று மலை மலையாகக் கிடந்தது. எங்கள் பாய்லரைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டேன். மேலே ஒரு நூல்கூட இல்லை. மொட்டையாக நின்றது, செம்மண் நிறத்தில் பெயிண்ட் அடித்துக் காயவிட்டிருந்தார்கள். தரையில் அங்கங்கே வெள்ளையாகச் சிதறிக் கிடந்தது. யார்டுக்காரர் மரியாதையான மனுசன். டீ சொன்னார்.

"மேல இருந்ததை என்னங்க பண்ணுனீங்க?"

"அந்தக் குப்பையாங்க? பின்னாடி பள்ளத்துல கொட்டி மண்ணத் தள்ளிட்டமுங்க."

"ஆருங்க உரிச்சது?"

"வடக்கத்திப் பசங்க ரெண்டு பேருங்க. லோடு எறக்க வந்தவனுக. நல்லா வேலை செஞ்சானுக, ஒரே நாள்ல உரிச்சுப் போட்டானுக."

"இப்ப எங்க இருக்கறாங்க?"

"அவனுகளா? ஒரு எடத்துல இருப்பானுகளா? மேஸ்திரி வேற சைட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டான்."

"பேரு என்னங்க?"

யார்டுக்காரர் யோசித்தார். உள்ளே வேலை செய்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்டார். ஒருவன் ஒரு பெயர் சொன்னான், இன்னொருவன் அது வேறு ஆள் என்றான். மேஸ்திரிக்குப் போன் போட்டார்கள், எடுக்கவில்லை. நான் விசயத்தைச் சொன்னேன். யார்டுக்காரர் முகம் மாறியது. ஆனால் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பக்கத்துல நின்னு பாத்தாலும் வருங்களா?" அவர் பயத்தைத் தப்பென்று சொல்ல முடியுமா? அந்தப் பள்ளத்தைத் தோண்ட வேண்டாம் என்றும், மிச்சம் கிடக்கிறதைப் பெருக்காமல் நனைத்து மூட்டை கட்ட வேண்டும் என்றும் சொல்லிவிட்டு வந்தேன். மேஸ்திரி நம்பரை வாங்கிக்கொண்டேன். பல தடவை கூப்பிட்டேன். கடைசியில் எடுத்தவன் அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள் என்றான். எந்த ஊர் என்று கேட்டேன். ஒரிசாவோ, பீகாரோ என்றான்.

எங்கேயோ ஒரு ஊரில் அந்த இரண்டு பேரும் இன்றைக்கு நன்றாக இருப்பார்கள். வயது இருபது இருக்குமோ என்னவோ. கல்யாணம் நடக்கும், பிள்ளை பிறக்கும். ஒரு நாளில் உள்ளே போன தூசி எல்லாருக்கும் நோயாக வருவதில்லை, அவர்களுக்கு வராமலே போகலாம், அப்படித்தான் போக வேண்டும். வந்தால், ஒரு டாக்டர் என்ன வேலை பார்த்தாய் என்று கேட்பார், லோடு இறக்கினேன் என்பான். செங்கோடனுக்குச் சொல்வதற்கு ஒரு கப்பல் இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து செங்கோடனை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இனிமேல் எடுக்க நீரில்லை, நுரையீரல் உறையே கல்லாகிவிட்டது என்றார் டாக்டரம்மா. பார்க்கப் போனேன். தலைமாட்டில் தலையணையை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், படுத்தால் மூச்சு வராது.

"அந்த பாய்லர் என்னாச்சு?"

சரசு என்னைப் பார்த்தாள். சொல்லாதே என்கிற பார்வை. சாகப்போகிறவனுக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னால் என்ன என்று எனக்கும் தோன்றியது. ஆனால் அவனுக்கு வாழ்க்கை முழுக்க எல்லோரும் இந்த விசயத்தில் நல்ல வார்த்தையே சொல்லியிருக்கிறார்கள். மாவு என்று சொன்னார்கள். நான் நடந்ததைச் சொன்னேன்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"பேரு கேட்டயா?"

"கேட்டேன். ஆருக்கும் தெரியல."

"அப்ப நான் எந்திரிச்சு வந்தது..." மூச்சு வாங்கினான். முடிக்கவில்லை.

"குப்பாயிக்கும் மத்தவிகளுக்கும் ஒண்ணும் ஆகாம நிறுத்துனீங்கல்ல," என்றாள் சரசு. "அது போதாதுங்களா?"

அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதற்குப் பிறகு சில வாரம் இருந்தான். எங்களோடு வேறு என்னென்னவோ பேசினான், மஞ்சள் விலை கேட்டான், பேத்தி பள்ளிக்கூடம் பற்றிக் கேட்டான். பாய்லர் பேச்சை எடுக்கவில்லை.

தம்பிகளே, நம்ம பக்கத்து மில்களில் பழைய பாய்லர்கள் இன்னும் நிறைய நிற்கின்றன. ஒரு நாள் உங்கள் முன்னாலும் ஒன்று வந்து இறங்கும், மேலே வெள்ளையாக ஏதோ தொங்கும். என்ன சரக்கு என்று தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று வாயைத் திறந்து சொல்லுங்கள், சோதனை முடிகிற வரைக்கும் யாரையும் தொட விடாதீர்கள். கோபப்படுவார்கள், படட்டும். நம்ம ஆட்களைத் தள்ளி நிற்கச் சொன்னதோடு வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அந்த பாய்லர் கேட்டைத் தாண்டும்போது லாரி முன்னால் போய் நில்லுங்கள். எங்கே போகிறது, அங்கே யார் உரிக்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். யாரோ ரெண்டு பசங்க என்று பதில் வந்தால், லாரியை விடாதீர்கள்.